உரக்கடைக்குப் போகும் முன்

வாழை கைவிட்ட வருடங்களில் நம் அறக்கட்டளைக்குக் கல்வி உதவி கேட்டு வரும் மனுக்கள் கூடுகின்றன. விசாரித்தால் காற்று, விலை வீழ்ச்சி இவற்றோடு உரக்கடைப் பாக்கியும் இருக்கிறது. இலை மஞ்சளானால் என்ன போடுவது என்று கடைக்காரரிடமே கேட்கிறோம். அவர் நல்லவராகவே இருக்கட்டும். உரம் விற்பதுதானே அவர் தொழில்? மஞ்சளுக்குக் காரணம் வாடல் நோயாக இருந்தால், எத்தனை மூட்டை யூரியா போட்டும் பயனில்லை.

உர விற்பனையை நம்பிப் பிழைக்காதவர்களும் பக்கத்திலேயே இருக்கிறார்கள். கிள்ளிகுளத்தில் வேளாண்மைக் கல்லூரி, வாகைக்குளத்தில் வேளாண் அறிவியல் நிலையம். கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எண்ணில் காலை 6 முதல் இரவு 10 வரை இலவசமாகத் தமிழிலேயே கேட்கலாம்.

எவ்வளவு உரம் என்று சரியாகச் சொல்ல, அவர்களுக்கும் மண் பரிசோதனை முடிவு வேண்டும். வரப்போரம், மரநிழல், எருக்குவியல் கிடந்த இடம் தவிர்த்து, பத்துப் பதினைந்து இடங்களில் ‘வி’ வடிவில் முக்கால் அடிக் குழி வெட்டுங்கள். பக்கவாட்டு மண்ணைச் சீவிக் கலந்து அரைக் கிலோ எடுத்தால் போதும். உரம் போட்ட கையோடு எடுக்கக் கூடாது. துணிப்பையில் கட்டி, பெயர், சர்வே எண், அடுத்துப் போடப்போகும் பயிர் ஆகியவற்றை எழுதிக் கொண்டுவாருங்கள். வேளாண் விரிவாக்க மையத்தில் சேர்க்க, ஜும்ஆவுக்குப் பின் நம் அலுவலகத்தில் உதவுகிறோம்.