சிறு பிள்ளைகளுக்கு வேடிக்கைக் கதைகள்



முதலாந் தரம் முதல் மூன்றாந் தரம் வரையிலுள்ள பிள்ளைகளுக்கு எத்தகைய கதைப் புத்தகங்களைத் தெரிவு செய்து கொடுத்தல் தகும் என்பது பற்றிச் சில கருத்துக்களை இன்று உங்கள் முன் வைக்க விழைகின்றேன். பாடப் புத்தகங்களைப் பற்றியன்று. பிள்ளை தானாக விரும்பி எடுத்து, வாசித்து, வாய்விட்டுச் சிரிக்கும் வேடிக்கைக் கதைகளைப் பற்றியே பேசப் போகின்றேன். இது சிறிய விடயம் என்று சிலர் எண்ணக்கூடும். பசறை, மடுல்சீமை, அப்புத்தளை, நமுனுகுலை முதலான ஊவா மலைப் பகுதிகளிலே கற்பிக்கும் எங்களுக்கு அது சிறிய விடயமன்று. இங்குள்ள தோட்டத்துப் பிள்ளை பாடப் புத்தகமல்லாத ஒரு புத்தகத்தை முதன்முதலாகத் தொடுவது பெரும்பாலும் பாடசாலையிலேதான். அந்த முதற் புத்தகம் இனித்ததா, கசந்ததா என்பதைப் பொறுத்தே இரண்டாவது புத்தகத்தை அப்பிள்ளை நாடுவதும் நாடாது விடுவதும் அமைகின்றன.

இதற்குக் காரணம் பெற்றோரின் அசட்டையன்று. தோட்டத்துப் பிள்ளைகளின் கல்விக்கு வசதி செய்வது தோட்ட நிருவாகத்தின் கடன் என்று 1907ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்தது. விதித்த பின்னரும் நெடுங்காலம் ஓர் ஆசிரியர், ஒரு கொட்டகை, ஒரு கரும்பலகை என்ற அளவிலேயே அக்கல்வி நின்றது. 1945இல் நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதன் வாசலுக்கு வெளியே நின்றன. 1970களிலேதான் அவை அரசாங்கத்தின் பொறுப்பில் வரத் தொடங்கின. ஆகவே, பாட்டனார் வாசித்த புத்தகம் பேரனுக்குக் கிடைக்கும் வழக்கம் லயன் வீடுகளில் வேரூன்ற வாய்ப்பே இருக்கவில்லை. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையிலே புத்தக அலுமாரிக்கு இடமேது? காலையிற் பெரட்டுக்குப் போய், நாள் முழுதும் கொழுந்து பறித்து, மாலையில் அதனை நிறுத்துக் கொடுத்து வீடு திரும்பும் தாய்க்குப் பிள்ளையை மடியில் இருத்தி வாசித்துக் காட்டப் பொழுதேது? அவ்வீடுகளிலே கதை உண்டு. பாட்டிமார் சொல்லும் கதைகள் ஏராளம் உண்டு. இல்லாதது புத்தகமே.

அப்புத்தகத்தை வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு ஆசிரியர்மீது விழுகின்றது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியிலே கடதாசித் தட்டுப்பாட்டினாற் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்டமை உங்களுக்கு நினைவிருக்கும். புத்தகங்களின் விலை அப்போது ஏறியது ஏறியதுதான். முன்னர் பத்துப் புத்தகம் வாங்கிய பணத்திலே இன்று சிலவற்றையே வாங்கலாம். எனவே, ஒன்றைத் தவறாகத் தெரிவு செய்தால் அந்த ஆண்டு முழுவதும் அது அலுமாரியிலே தூங்கும்.

நாம் எவ்வாறு தவறுகின்றோம்? பெரியோராகிய நாம் நமக்குப் பிடித்ததையே பிள்ளைக்கு வாங்குகின்றோம். நமக்குப் பிடித்தது நீதிக் கதை. பொய் சொன்னவன் கெட்டான், சோம்பல் கொண்டவன் அழிந்தான் என்று முடியும் கதையைக் கண்டவுடன் நம் உள்ளம் நிறைவடைகின்றது. பிள்ளையோ அக்கதையின் கடைசிப் பக்கத்தை முதற் பக்கத்திலேயே மணந்து விடுகின்றது. இன்னொரு மயக்கம், நம் இளமை நினைவு. 1947இல் தமிழில் வெளிவரத் தொடங்கிப் பல தலைமுறையினரை மகிழ்வித்து, பின்னர் நின்றுபோன அம்புலிமாமாவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் பழைய இதழ்களை இன்றும் சிலர் தேடிக் கொணர்ந்து இரண்டாந் தரப் பிள்ளையிடம் கொடுக்கின்றனர். அவர்கள் அதனைச் சுவைத்தது பத்து வயதில். இப்பிள்ளைக்கோ வயது ஏழு. வேதாளமும் விக்கிரமாதித்தனும் மூன்று ஆண்டுகள் காத்திருக்கலாம்.

இந்தப் பிரச்சினை நமக்கு மட்டும் உரியதன்று. 1954ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் ‘லைஃப்’ சஞ்சிகையில் ஜோன் ஹேர்சி என்னும் எழுத்தாளர் ஒரு கட்டுரை வரைந்தார். பிள்ளைகள் வாசிக்கப் பின்னிற்பதற்கு அவர்களுக்குக் கொடுக்கப்படும் தொடக்க நூல்களின் சப்பென்ற தன்மையும் ஒரு காரணம் என்பது அவர் வாதம். அதன் விளைவாக, டொக்டர் சூஸ் என்னும் புனைபெயருடைய சித்திரக்காரரிடம், குறிப்பிட்ட எளிய சொற்களை மாத்திரம் கொண்டு ஒரு கதை எழுதுமாறு பதிப்பாளர் கேட்டுக்கொண்டார். தொப்பி அணிந்த பூனையொன்று மழை நாளிலே வீட்டுக்குள் புகுந்து அனைத்தையும் தலைகீழாக்கும் அந்தக் கதை 1957இல் வெளிவந்தது. அதிலுள்ள வெவ்வேறு சொற்கள் 236 மாத்திரமே. சொற்கள் குறைவு, குறும்புக்குக் குறைவில்லை. கடினமான எழுத்துக்களைத் தட்டுத் தடுமாறிக் கூட்டுகின்ற பிள்ளையை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் செல்வது, அங்கே இன்னும் என்ன அனர்த்தம் நேருமோ என்னும் ஆவலேயாம்.

நம்மிடம் அத்தகைய கதை இல்லையா என்றால், நிரம்ப உண்டு. தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டினுள் நகைக்கே முதலிடம் அளித்தார். அது பிறக்கும் இடங்களாகப் பேதைமை, மடமை, இளமை, எள்ளல் என்னும் நான்கையும் காட்டினார். வீரமாமுனிவர் இயற்றிய பரமார்த்த குருவின் கதை முழுவதும் பேதைமையின் விளையாட்டு. 1822இல் அது இலண்டனில் அச்சேறியது. குருவும் சீடர் ஐவரும் ஆற்றைக் கடந்தபின் தம்மை எண்ணுகின்றனர். எண்ணுபவன் ஒவ்வொரு முறையும் தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐவரே தேறுகின்றனர். ஒருவரை ஆறு விழுங்கிவிட்டதென்று அழுது புலம்புகின்றனர். இதனை வகுப்பிலே வாசித்தால், “சேர், தன்னை எண்ணேல்ல!” என்று பிள்ளைகள் எழுந்து கத்துவார்கள். நாள் முழுவதும் உனக்கு ஒன்றும் தெரியாது என்று கேட்டுக் கேட்டுப் பழகிய பிள்ளைக்கு, குருவுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகின்றதே என்னும் பெருமிதம் அப்போது பிறக்கின்றது. வேடிக்கைக் கதையின் உயிர் இங்கேயே உளது என்பது எனது துணிபு. பிள்ளை கதாபாத்திரத்தைவிட அரை அடி முன்னே நிற்க வேண்டும். ஆகவே முனிவரின் உரைநடையை அப்படியே கொடாது, சிறு வாக்கியங்களிலே திருப்பி எழுதப்பட்ட பதிப்பைத் தேர்தல் நன்று.

வியப்பு யாதெனில், நம் அயலவராகிய சிங்கள மக்களிடையும் இதே குரு இருக்கின்றார். அவர் பெயர் மகாதெனமுத்தா. அவருக்கும் சீடர் ஐவரே. ஆட்டின் தலை பானைக்குள் மாட்டிக்கொண்டபோது, முதலில் ஆட்டின் தலையை வெட்டச் சொல்லி, பின்னர் தலையை எடுப்பதற்காகப் பானையையும் உடைப்பித்த மேதை அவர். பதுளைக் கடைத்தெருவிலே ஒன்றாக நடமாடும் இரு மொழிப் பிள்ளைகளும் ஒரே முட்டாள்தனத்தைக் கண்டு சிரித்து வளர்கின்றனர் என்பது எனக்குப் பெரிதும் உவப்பான செய்தி.

சிங்களத்திலிருந்து நான் பரிந்துரைக்கும் இன்னொரு கதை, 2020இல் மறைந்த சிபில் வெத்தசிங்க அம்மையார் எழுதிச் சித்திரமும் தீட்டிய ‘குட ஹொரா’, அதாவது ‘குடைத் திருடன்’. 1956இல் வெளிவந்த இந்நூல் பல மொழிகளுக்குச் சென்றுள்ளது. குடையையே கண்டிராத கிராமத்திலிருந்து கிரி மாமா நகரம் சென்று ஒரு குடை வாங்குகின்றார். திரும்பும் வழியிலே கடையில் இளைப்பாறும்போது குடை களவு போகின்றது. மறுபடியும் வாங்குகின்றார், மறுபடியும் போகின்றது. ஈற்றிலே சுருட்டிய குடைக்குள் கடதாசித் துண்டுகளை இட்டு வைத்து, அவை சிந்திய வழியே திருடனைத் தேடிச் செல்கின்றார். திருடன் யாரென்பதை நான் இங்கே சொல்லப் போவதில்லை. ஒரே நிகழ்ச்சி திரும்பத் திரும்ப வருவதைக் கவனியுங்கள். நிகழ்ச்சி மீளும்போது சொற்களும் மீளுகின்றன. முதன்முறை தடுமாறிய சொல்லை மூன்றாம் முறை பிள்ளை தாவிக் கடக்கின்றது. சலிப்பில்லாத பயிற்சி இதுவேயாம். மேலும், இக்கதையில் எவரும் எவருக்கும் புத்தி சொல்வதில்லை.

இனி மொழியைப் பற்றி. ஒரு பக்கத்தில் ஐந்து சொற்களுக்கு மேல் தடுக்கினால் அப்புத்தகம் பிள்ளைக்குக் கடினம் என்று விரல் மடக்கிப் பார்க்கும் வழக்கம் ஆங்கில நாட்டு ஆசிரியரிடம் உண்டு. தமிழுக்கு அது மட்டும் போதாது. நம் பிள்ளை 247 எழுத்துக்களோடு மல்லாடிக்கொண்டிருக்கும் பருவத்திலே, ‘போய்க்கொண்டிருந்தவனைப் பார்த்து’ என்பது போன்ற ஒரு தொடர் வந்தால், சொல்லின் பொருள் தெரிந்திருந்தும் அதன் நீளத்திலேயே மூச்சு முட்டிப் போகின்றது. ‘அவன் போனான். நரி அவனைப் பார்த்தது’ என்றால் என்ன குறைந்துவிடும்? புணர்ச்சி விதிகளிலே பற்றுள்ள தமிழாசிரியர்கள் என்மீது சினங்கொள்ளற்க; நானும் அக்கூட்டத்தைச் சேர்ந்தவனே. புணர்ச்சியை ஆறாந் தரத்துக்கு மேல் ஆர அமரக் கற்பிப்போம்.

நம்மிடம் வரும் புத்தகங்கள் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் பிறந்தவை. மலையகப் பிள்ளையின் பேச்சு இம்மூன்றுக்கும் முழுதும் ஒத்ததன்று. ‘வெருளி’ என்று யாழ்ப்பாணத்து நூலிலே வந்தால் இங்குள்ள பிள்ளை விழிக்கும். அதற்காக அந்நூலை ஒதுக்குதல் கூடாது. வாசிக்கத் தொடங்கு முன்னர் அச்சொல்லை ஒரு முறை சொல்லி, படத்தைக் காட்டிவிட்டால் போதும். புதுச் சொல்லே ஒரு வேடிக்கையாகிவிடும். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் விளக்கம் தேவைப்படும் புத்தகத்திலே சிரிப்பு வராது. விளக்கி வரவழைத்த சிரிப்பு ஆறிப்போன தேநீர் போன்றது.

தம் மண்ணின் கதைக்குப் பிள்ளைகள் காட்டும் வரவேற்பே தனி. 1924இலே பதுளையை எட்டிய புகையிரதப் பாதையில், தெமோதரையிலே வண்டி மலையை ஒரு சுற்றுச் சுற்றித் தான் நின்ற நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தினூடு செல்கின்றது. இதைவிட வேடிக்கையான காட்சி எந்தக் கதையில் உண்டு? ஆயினும் அதை வைத்து ஒரு சிறுவர் கதையை நான் தேடியும் காணவில்லை. எமது பாடசாலையிலே மூன்றாந் தரப் பிள்ளைகள் சொல்லச் சொல்ல ஆசிரியை எழுதி, அட்டையிற் படம் வரைந்து தைத்த கைப்புத்தகங்கள் சில உள்ளன. துரையின் சப்பாத்துக்குள் குடியேறிய அட்டையொன்றின் வரலாறு அவற்றுள் ஒன்று. கடையில் வாங்கிய எந்தப் புத்தகமும் அதனோடு போட்டியிட முடியவில்லை.

தொல்காப்பியர் சொன்ன எள்ளலிலேதான் எச்சரிக்கை வேண்டும். கறுத்தவன், திக்கிப் பேசுபவன், பருத்தவன், கிழிந்த உடை அணிந்தவன் ஆகியோரைப் பார்த்துச் சிரிக்கச் செய்யும் புத்தகங்கள் இன்றும் அச்சாகின்றன. கூலி வேலை செய்பவனை அசடனாகக் காட்டும் கதையைத் தோட்டத்துப் பிள்ளையிடம் கொடுத்தால், அது யாரைப் பார்த்துச் சிரிக்கும்? தன் தந்தையையா? அத்தகைய நூலை விலை குறைவாயினும், படம் அழகாயினும், இலவசமாகவே வந்தாலும் நான் அலுமாரியில் வைப்பதில்லை. அரசனும் பண்டிதனும் அசடு வழியும் கதையிலே இந்த ஆபத்து இல்லை.

“இதை வாசித்தால் புலமைப்பரிசிலுக்கு உதவுமா?” என்று பெற்றோர் வினவுவர். நியாயமான வினாவே, ஐந்தாந் தரப் பரீட்சை அவர்களுக்கு ஒரு பெருவாசல். நான் கூறும் விடை இது: அப்பரீட்சையிலே பிள்ளை முதலில் வினாவை வாசித்தல் வேண்டும். எழுத்தெழுத்தாகக் கூட்டி வாசிக்கும் பிள்ளைக்கு விடை தெரிந்தும் நேரம் போதாது. விரைவாக வாசிக்கும் பழக்கம், நிறைய வாசித்த பிள்ளைக்கே வரும். நிறைய வாசிப்பது, விருப்பமானதை வாசிக்கும் பிள்ளை.

புத்தகம் வாங்க வழியில்லாதோர்க்கு வேறு வழிகளும் திறந்துள்ளன. பெங்களூரிலுள்ள பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையத் தளத்திலே தமிழ்ச் சிறுவர் கதைகள் படிநிலை குறிக்கப்பெற்று இலவசமாகக் கிடைக்கின்றன. சமிக்ஞை கிடைக்கும் இடத்திலே கைத்தொலைபேசியில் இறக்கி, அச்சிட்டும் கொடுக்கலாம். எனினும் அங்கும் தெரிவு வேண்டும். மொழிபெயர்ப்புகள் சில உயிரற்றவை. ஆசிரியர் முதலிலே தாம் உரக்க வாசித்துப் பார்ப்பாராக. தம் நாக்கு இடறும் இடத்திலே பிள்ளையின் நாக்கு விழுந்தே போகும்.

தெரிவு செய்த புத்தகத்தை வீட்டுக்குக் கொண்டுபோக விடுங்கள். கிழித்துவிடுவார்கள், மழையில் நனைத்துவிடுவார்கள் என்று அஞ்சிப் பூட்டி வைப்போர் பலர். ஊவாவிலே ஒக்டோபரில் மழை பிடித்தால் தை மாதம் வரை விடுவதில்லை என்பது உண்மைதான். தடித்த பொலித்தீன் பையொன்றிலே இட்டு அனுப்பினால் பெரும்பாலும் நனையாது வந்து சேரும். அப்புத்தகத்தை அண்ணன் வாசிப்பான், தம்பி படம் பார்ப்பான், வாசிக்கத் தெரியாத பாட்டி வாசிக்கக் கேட்பாள். கிழியத்தான் செய்யும். கிழிந்து வரும் புத்தகங்களின் பெயரை நாங்கள் ஒரு பதிவேட்டிலே குறித்து வருகின்றோம். ஆண்டு முடிவிலே புத்தகம் வாங்கப் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ போகும் ஆசிரியர் அந்தப் பதிவேட்டைத்தான் கையோடு எடுத்துச் செல்கின்றார்.