மாரிக்கு முன் கூரை, மாரியோடு தோட்டம்

"வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்" என்பது நம் முன்னோர் வாக்கு. புது வீடு கட்டுவோர் படும் பாட்டை அறிந்து சொன்ன மொழி அது. பழைய வீட்டைச் செப்பனிடுவோர் படும் பாடோ அதனினும் பெரிது. எதை இடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று ஒவ்வொரு சுவரின் முன்னும் நின்று அவர்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தபின் வன்னிப் பெருநிலப்பரப்புக்குத் திரும்பிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு இக்கடமை ஒரே காலத்தில் வந்து சேர்ந்தது. அவர்களுடைய அனுபவம் நமக்கெல்லாம் ஒரு பாடம். வீடும் தோட்டமும் வேறு வேறு வேலைகள் அல்ல. இரண்டுக்கும் நாள் குறித்துக் கொடுப்பது மழையே.

கூரை இழந்த வீடுகள்

போரின் கடைசி மாதங்களில் வன்னி மக்கள் வீட்டை விட்டு மட்டும் புறப்படவில்லை. வீட்டின் ஒரு பகுதியையும் உடன் கொண்டு சென்றனர். ஓடுகளையும் தகரங்களையும் கதவுகளையும் கழற்றி, உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு, கிளிநொச்சியிலிருந்து தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று கிழக்கு நோக்கிப் பெயர்ந்தனர். தங்குமிடந்தோறும் கொட்டில் போட அவை உதவின. மறுபடி பெயரும்போது ஒரு பகுதி அங்கேயே தங்கிவிட்டது. முடிவில் முல்லைத்தீவின் கடற்கரை மணலை அடைந்தபோது பலர் கையில் எஞ்சியது ஒரு துணிமூட்டையே.

பின்னர் செட்டிகுளத்தை அடுத்த மனிக் பாம் முகாம் வாழ்வு. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. ஊர் திரும்பியோரிற் பலர் கண்டவை கூரையற்ற சுவர்களும் அறைக்குள் வளர்ந்த பற்றைகளுமே. முற்றத்து மண்ணைத் தோண்டவும் உடனே முடியவில்லை. கண்ணிவெடி அகற்றுவோர் பார்த்து முடித்த பின்னரே மண்வெட்டியைத் தொடலாம் என்ற நிலை பல ஊர்களில் இருந்தது. அப்பணி இன்னும் சில இடங்களில் நடைபெற்றே வருகிறது.

இடிப்பதா, எழுப்புவதா?

இந்திய அரசின் வீடமைப்புத் திட்டம் வடக்கிலும் கிழக்கிலும் 2012ஆம் ஆண்டு பெருமளவிற் பரந்தது. புது வீடு கட்டுவோருக்கு 5,50,000 ரூபாவும், பழுதான வீட்டைத் திருத்துவோருக்கு 2,50,000 ரூபாவும் தவணை முறையில் வழங்கப்பட்டன. கட்டும் பொறுப்பு வீட்டுக்காரரையே சார்ந்தது. கொடுத்த தொகைக்கு மேலாகப் பெரிய வீட்டுக்கு அத்திவாரம் இட்டவர்கள் நகையை அடகு வைத்துக் கடனிலும் வீழ்ந்தனர். வீடு எழுந்தது, வட்டியும் உடன் எழுந்தது. ஆதலால், நின்ற சுவரைக் காக்க முடியுமா என்பது வெறும் பாசத்தைப் பற்றிய கேள்வியன்று. குடும்பத்தின் வரவு செலவைப் பற்றிய கேள்வியுமாகும்.

அனுபவமுள்ள மேசன் முதலில் தூக்குக்குண்டை விட்டுச் சுவரின் நேரைப் பார்ப்பார். யன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் வெடிப்பு அத்திவாரம் அசைந்ததற்கு அடையாளமாகலாம். சாந்தில் மட்டும் தோன்றும் மயிரிழை வெடிப்பு அஞ்சத்தக்கதன்று. பல மாரிகள் கூரையின்றி நனைந்த சுவரின் தலைப்பகுதி இளகியிருக்கும். மேல்வரிகளைக் கழற்றி மீளக் கட்டுதல் வேண்டும். சுவரில் முளைத்த ஆலங்கன்றைப் பிடுங்கினால் கல்லும் உடன் வரும். அடியோடு வெட்டி, வேரை மெல்ல அழித்து, வெடிப்பை அடைப்பதே முறை. சுண்ணாம்புச் சாந்து பூசிய பழஞ்சுவருக்கு மேல் கனத்த சீமெந்துப் பூச்சுப் பூசுவது பலர் செய்யும் வேலை. சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சீமெந்தோ அதைச் சுவருக்குள்ளேயே சிறைவைக்கும். சில ஆண்டுகளிற் பூச்சு உப்பி உதிர்வதற்கு இதுவே காரணம்.

மரவேலையில் வன்னிக்குக் குறைவில்லை என்று முன்பு சொல்வர். கதவு நிலைக்கு முதிரை, பாரந்தாங்கப் பாலை, கூரைக்கு முற்றிய பனை எனத் தெரிந்தெடுத்தனர். முற்றிய வைரப் பனையைக் கறையான் எளிதில் தீண்டாது. காட்டு மரம் தறிக்க இன்று அனுமதி வேண்டும். ஆதலால் பழைய நிலையொன்று பழுதின்றிக் கிடைத்தால் அதனைப் பேணுதலே அறிவுடைமை.

மாதங்கள் வகுத்த வேலை

வன்னியில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை வடகீழ்ப் பருவக்காற்றோடு வருகிறது. வைகாசி முதல் ஆவணி வரை சோளகம் வீசும், கிணறு தாழும், நிலம் இறுகும். "ஆடிப்பட்டம் தேடி விதை" என்ற பழமொழியை இங்கு அப்படியே கொள்ளுதல் இயலாது. நீர்ப்பாய்ச்சும் வசதி இல்லாத வீட்டுக்கு ஆடி விதைக்கும் மாதமன்று; கூரை வேயும் மாதம். கல் அரிவதும், சுவர் கட்டுவதும், ஓடு மாற்றுவதும் இக்கோடைக்குரியவை. பணம் ஓர் அறைக்கே போதுமானால் அவ்வோர் அறையை முற்றாகக் கூரையிட்டு முடித்தல் நன்று. நான்கு அறைகளை அரைகுறையாக விட்டால் நான்கையும் மாரி கெடுக்கும்.

ஆவணிக் கடைசியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை போடலாம். கல் அரிய மண் எடுத்த குழியில் சருகும் சாணமும் பூவரசங் குழையும் இட்டு நிரப்பினால், வீட்டுக்கு வெட்டிய குழி தோட்டத்துக்கு எருவாகும். நீர் தேங்கி நுளம்பு பெருகும் தீங்கும் நீங்கும். ஆனால் உடைத்த சுண்ணாம்பையும் சீமெந்துக் கட்டிகளையும் பாத்தியிற் கொட்டுதல் ஆகாது. மண் காரமாகிப் பயிர் வெளிறும். அவை வீட்டு நிலத்தை உயர்த்தும் நிரப்புக்கே ஏற்றவை.

ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் நாற்று நடுகை. பெருமழையில் வேர் அழுகாதிருக்கப் பாத்தியை உயர்த்தி வாய்க்கால் விடுவர். வெண்டி, பயிற்றை, பூசணி, பாகல் ஆகியவை மாரியோடு வளரும். கிளுவையும் சீமைக்கிளுவையும் வேலிக்கு நடத்தக்க காலமும் இதுவே. தைப்பொங்கலின்போது முற்றத்துப் பூசணியும் கத்தரியும் பானைக்கு அருகே வந்துவிடும். மாசி, பங்குனியில் கிணற்று நீரால் கீரையும் மிளகாயும் தொடரலாம். குளிக்கும் நீரை வாழைக்குத் திருப்பிவிட்டால் கோடையிலும் ஒரு குலை நிச்சயம்.

இவ்வொழுங்கு எப்போதும் இனிதே நடக்கும் என்றும் கூறுவதற்கில்லை. 2018 டிசெம்பர் 21, 22ஆந் திகதிகளில் பெருமழை பெய்து, இரணைமடுக் குளத்தின் கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வெள்ளத்துள் அகப்பட்டன. புதுப் பூச்சும் பழம் பாத்தியும் ஒன்றாகவே கரைந்தன. குரங்கும் மயிலும் ஆண்டு முழுவதும் விருந்தாளிகள். காட்டை அண்டிய ஊர்களில் யானையும் வருவதுண்டு.

ஒரு பாத்தியின் பெறுமதி

தோட்டம் வெறும் பொழுதுபோக்கு என்போர் அண்மைய ஆண்டுகளை நினைத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டது, விளைச்சல் சரிந்தது. அடுத்த ஆண்டு பொருளாதார நெருக்கடி முற்றிய வேளை, 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவு விலை ஓராண்டில் ஏறத்தாழ 95 சதவீதம் உயர்ந்திருந்தது. அந்நாளில் கிணற்றடியில் நான்கு கத்தரியும் ஒரு முருங்கையும் ஒரு பாத்திக் கீரையும் வைத்திருந்த வீட்டில் பிள்ளைகளின் தட்டுக்குக் கறி சேர்ந்தது. போரிற் கணவனை இழந்து குடும்பப் பாரத்தைத் தனியே சுமக்கும் பெண்கள் வன்னியில் மிகப் பலர். கூலி வேலை கிடையாத நாளில் அவர்கள் கையில் சில்லறை தந்தது அந்தப் பயிற்றம் பந்தலேயாகும்.

வீடு ஒருமுறை கட்டி முடித்துத் திறப்புவிழாச் செய்யும் பொருளன்று. தோட்டத்துக்குக் களை பிடுங்குவதுபோல் வீட்டுக்கும் ஆண்டுதோறும் ஓடு மாற்றவும், கறையான் புற்றைத் தட்டவும், பீலியிற் சருகு அகற்றவும் வேண்டும். சுவரைத் திருத்துவதில் பெரியோரோடு பிள்ளைகளால் ஈடுகொடுக்க இயலாது. நாற்று நடவும், விதை காய வைத்து எடுத்து வைக்கவும் அவர்களால் இயலும். அவ்வாறு வளரும் பிள்ளைக்கு, பாட்டன் கட்டிய சுவர் எவ்வளவு உயரம் நின்றது, அதன்மேல் எவ்விடத்திலிருந்து தன் பெற்றோர் கட்டினர் என்பதும் தெரிந்திருக்கும். வரும் ஆவணியில் ஒரு நாற்றுமேடையை அப்பிள்ளையின் பொறுப்பில் விடுங்கள். மாரி வருமுன் கூரையையும் ஒருமுறை ஏறிப் பாருங்கள்.