குழந்தை இருக்கை ஏன் பின்பார்த்து இருக்க வேண்டும்?

தஞ்சோங் மாலிம் புரோட்டோன் ஆலையில் தயாராகும் எக்ஸ்70 காரின் பின்னிருக்கையில், சாய்வும் மெத்தையும் சேரும் இடுக்கில் விரலை விட்டால் ஓர் இரும்புக் கம்பி தட்டுப்படும். குழந்தை இருக்கையின் ஐசோஃபிக்ஸ் கொக்கி மாட்டும் இடம் அது.

மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் தனியார் கார்களில் குழந்தை இருக்கை கட்டாயம். ஆனாலும் "மடியிலேயே பிடித்துக்கொள்கிறேன்" என்ற பேச்சு ஓயவில்லை. பிடிக்கவே முடியாது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போகும் கார் மோதி, பத்தில் ஒரு வினாடியில் நின்றால், 10 கிலோ குழந்தை சுமார் 140 கிலோ பாரமாக முன்னே பாயும். எந்தத் தாயின் கைக்கும் அந்த வலு கிடையாது. நெடுஞ்சாலையிலோ வேக வரம்பே 110 வரை போகும்.

கைக்குழந்தையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. கழுத்தெலும்போ இன்னும் முழுதாக இறுகாதது. முன்பார்த்து உட்கார்ந்தால், மோதும்போது வார் உடலைத் தடுத்துவிடும். தலை மட்டும் பாயும். அந்த இழுப்பு முழுவதும் கழுத்தில் விழும். பின்பார்த்து இருந்தால் தலையையும் முதுகையும் இருக்கை ஒருசேரத் தாங்கும். அதனால்தான் ஐ.நா.வின் ஆர்129 விதி 15 மாதம் தாண்டும்வரை பின்பார்த்தே வைக்கச் சொல்கிறது. ஏர்பேக் இயங்கும் முன்னிருக்கையில் மட்டும் அப்படி வைக்கவே கூடாது. வெடித்து விரியும் பை நேராகக் குழந்தையின் தலைப்பக்கம் அறையும்.

கம்பி இல்லாத பழைய காரா? முழங்காலால் இருக்கையை அழுத்திக்கொண்டு பெல்ட்டை இழுத்து இறுக்குங்கள். பெல்ட் நுழையும் இடத்தைப் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் நகரக்கூடாது. குழந்தையின் தோள் வாரைக் கிள்ளிப் பாருங்கள். விரலுக்குள் மடிப்பு சிக்கினால் இன்னும் இறுக்க வேண்டும்.