இருட்டில் முதலில் கறுப்பது சிவப்பு

அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் களத்தில் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தால், பொழுது சாயும்வரை அங்கேயே நின்று பாருங்கள். பகலெல்லாம் கண்ணைப் பறித்த சிவப்புதான் முதலில் கறுக்கும். வேலியோரத்துப் பச்சை இலை அப்போதும் வெளிறித் தெரியும். மங்கிய ஒளியில் நமக்குப் பார்வை தருபவை விழித்திரையின் குச்சி செல்கள். சிவப்பு அவற்றுக்கு ஏறக்குறைய எட்டாது. நிறம் பிரிக்கவும் தெரியாது. நிலவில்லாத இரவில் கரிசல் காடு முழுக்கக் கறுப்பு வெள்ளைப் படம்தான்.

பழைய இத்தாலியக் கறுப்பு வெள்ளைப் பேய்ப் படங்கள் இன்றும் நம்மைப் பிடித்திழுக்க இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். நம் கண் இரவில் காட்டும் உலகத்தையே அவை காட்டுகின்றன. 1957-ல் ரிக்கார்டோ ஃப்ரெடா இயக்கிய 'ஐ வம்பீரி'யில் அழகி ஒருத்தி, ஷாட் மாறாமலே, நம் கண்முன் கிழவியாகிறாள். மரியோ பாவாவின் ஒளிப்பதிவு அது. தந்திரம் இதுதான்: சுருக்கங்களைச் சிவப்பு மையால் முகத்தில் வரைந்துவிட வேண்டும். சிவப்பு ஒளியில் தோலும் மையும் ஒரே வெளுப்பு. ஃபிலிமில் கோடு விழாது. விளக்கு மெல்லப் பச்சைக்கு மாறும்போது மை அந்த ஒளியை விழுங்கிக்கொள்ளும், கோடுகள் கறுத்து எழும். 1931-ல் வந்த 'டாக்டர் ஜெக்கில் அண்ட் மிஸ்டர் ஹைட்' படத்திலேயே ஹாலிவுட் கையாண்ட வித்தை. வெள்ளைத்தாளில் சிவப்புப் பேனாவால் எழுதி, சிவப்புக் கண்ணாடித் தாள் வழியே பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகள் அசந்துபோவார்கள்.

நமக்கு ஸ்ரீதரின் 'நெஞ்சம் மறப்பதில்லை' இருக்கிறது. 1963. பூர்வ ஜென்மம், பாழடைந்த ஜமீன் மாளிகை, ஏ. வின்சென்ட்டின் கேமரா. மறு ஆண்டே வின்சென்ட் மலையாளத்தில் 'பார்கவி நிலையம்' என்ற பேய்வீட்டுக் கதையை இயக்கினார். அந்தப் படங்களில் வெளிச்சத்தில் நிற்கும் முகத்தைவிடத் திரையோரத்து இருட்டுதான் என்னை அதிகம் மிரட்டியது.

ஓரத்துக்கு ஏன் அவ்வளவு பலம்? விழித்திரையின் நட்டநடுவே குச்சி செல்களே கிடையாது. இருட்டில் ஓரக்கண்ணில் பட்ட மங்கலான உருவத்தை நேராகத் திரும்பிப் பார்த்தால் அது மறைந்துபோகும். "ஓரமா நின்னுச்சு, திரும்புனேன், காணோம்" என்று ராத்திரி ஒற்றையில் வந்தவர் சொன்னால், அவர் பொய் சொல்கிறார் என்று நான் எண்ணமாட்டேன். அவர் கண் அப்படித்தான் காட்டியிருக்கும். அடுத்த முறை பார்வையைக் கொஞ்சம் விலக்கி, அந்த இடத்துக்குப் பக்கத்தில் பார்க்கட்டும். மங்கலான விண்மீனைத் தேடுகிறவர்கள் செய்வதும் அதையேதான். அங்கே நிற்பது சீமைக்கருவேல மரம்தான் என்று தெரிந்துவிடும்.