அன்றன்று அளிக்கப்படும் ஆகாரம்



அறுவைச் சிகிச்சை முடிந்து மயக்கம் தெளிந்தவருக்கு நாம் உடனே சோறு கொடுப்பதில்லை. மருத்துவர் அனுமதிக்கும் வரை காத்திருந்து, முதலில் ஒரு மிடறு நீர், பின்பு நீர்த்த கஞ்சி, அதன்பின் குழைந்த சோறு என்று படிப்படியாகக் கொடுக்கிறோம். வடகரையிலிருந்தும் அச்சன்புதூரிலிருந்தும் மேக்கரையிலிருந்தும் தூக்குவாளியில் கஞ்சி சுமந்து வரும் தாய்மாரை நாள்தோறும் காண்கிறோம். அவர்கள் முகத்தில் ஒரே கேள்விதான் தெரியும்: இன்றைக்காவது இவருக்கு இரண்டு வாய் உள்ளே இறங்குமா?

உடலின் பசியை நாம் எளிதில் அறிந்துகொள்கிறோம். உள்ளத்தின் பசியோ அவ்வாறு வெளிப்படுவதில்லை. பல நாள் படுக்கையில் இருப்பவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். கேட்டதற்கு ஒரே சொல்லில் விடையளிக்கிறார். இரவு முழுவதும் கண்விழித்து மின்விசிறியைப் பார்த்திருக்கிறார். அவருடைய இரத்தப் பரிசோதனை முடிவுகளில் இப்பசி பதிவாவதில்லை. ஆயினும் அது பசிதான். திருவள்ளுவர் கேள்வியைச் செவிக்கு உணவென்று கூறி, அவ்வுணவு கிடைக்காத வேளையில்தான் வயிற்றுக்கும் சிறிது இடப்படும் என்றார். வயிற்றுக்கு அப்பாலும் ஒரு பசி உண்டு என்பதைத் தமிழ் மண் நெடுங்காலமாய் அறியும்.

அப்பசிக்கு ஆகாரம் எது என்னும் வினாவுக்குக் கிறிஸ்தவ விசுவாசம் தரும் விடையை இவ்விதழில் சிந்திப்போம். இதனை வாசிப்போர் பல சமயத்தவர் என்பதை நாம் அறிவோம். எவரையும் வற்புறுத்துவது நம் நோக்கமன்று. வீட்டில் உள்ளதை விருந்தினர் முன் வைப்பதுபோல, நம்மைத் தாங்கிவரும் ஆகாரத்தை உங்கள் முன் வைக்கிறோம்.

உடலை மறவாத ஆண்டவர்

ஆத்தும ஆகாரத்தைப் பற்றிப் பேசுவோர் சிலர், உடலின் தேவையை அற்பமாகக் கருதுவதுண்டு. இயேசு பெருமான் அவ்வாறு கருதியவரல்லர். யவீரு என்பவரின் பன்னிரண்டு வயது மகளை அவர் மரணத்திலிருந்து எழுப்பியபோது, வீட்டார் திகைத்து நின்றனர். அத்தருணத்தில் அவர் அவர்களுக்கு இட்ட கட்டளை மிக எளியது: சிறுமிக்கு உண்ணக் கொடுங்கள் என்பதே. அற்புதம் நிகழ்ந்த அறையிலும் பிள்ளையின் பசி அவர் நினைவில் இருந்தது.

பழைய ஏற்பாட்டில் எலியா தீர்க்கதரிசியின் வரலாறும் இத்தகையதே. மனம் சோர்ந்து, இனி உயிர் வாழ வேண்டாம் என்று வனாந்தரத்தில் ஒரு சூரைச் செடியின் கீழ்ப் படுத்துறங்கிய அவருக்குத் தேவதூதன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையையும் ஒரு பாத்திரம் தண்ணீரையும் காட்டி உண்ணச் சொன்னான். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். தூதன் இரண்டாம் முறையும் எழுப்பி உண்ணச் சொன்னான். தேவனுடைய மெல்லிய சத்தத்தை அவர் கேட்டது அதற்குப் பின்னரே. ஆகவே உணவும் உறக்கமும் மருந்தும் விசுவாசத்திற்குப் போட்டியல்ல. அவையும் ஒரே கரத்திலிருந்து வருபவை.

யோவான் சுவிசேஷத்தின் 6ஆம் அதிகாரத்திலும் இவ்வொழுங்கையே காண்கிறோம். ஒரு சிறுவனிடம் இருந்த ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொண்டு ஐயாயிரம் பேரின் பசியை இயேசு முதலில் ஆற்றினார். வாற்கோதுமை ஏழைகளின் தானியம். மறுநாள் மக்கள் மீண்டும் அப்பம் தேடி வந்தபோதுதான், அழிந்துபோகாத ஆகாரம் ஒன்று உண்டு என்று கூறி, தாமே அந்த ஜீவ அப்பம் என்று அறிவித்தார்.

அப்பம் என்றவுடன் நம் நினைவில் காலைச் சிற்றுண்டி எழுகிறது. அந்நாட்டு மக்களுக்கோ அது நமக்குச் சோறு போன்றது. அனுமன் நதிப் பாசனத்தில் நெல் விளைவிக்கும் நம் பகுதியினருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. சோறு விழா நாளுக்கு மட்டும் உரிய பண்டமன்று. அது இல்லாமல் ஒரு நாளும் கழியாது. தம்மை அன்றாட உணவோடு ஒப்பிட்ட இயேசு, ஆபத்துக் காலத்தில் மட்டும் தேடப்படும் ஒருவராக அல்லாமல், ஒவ்வொரு நாளும் உட்கொள்ளப்படும் உயிராதாரமாகத் தம்மை நமக்குத் தருகிறார்.

டோனாவூரில் ஒரு நோயாளி

இந்த ஆகாரத்தை நம்பி, நீண்ட நோய்க்காலத்தைக் கடந்த ஒருவர் நம் மலைத்தொடரின் அடிவாரத்திலேயே வாழ்ந்தார். தென்காசியிலிருந்து மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டித் தெற்கே சென்றால், களக்காட்டைக் கடந்து டோனாவூர் என்னும் சிற்றூர் வரும். அங்கே பிள்ளைகளால் 'அம்மா' என்று அழைக்கப்பட்டவர் ஏமி கார்மைக்கேல் அம்மையார்.

அயர்லாந்தில் 1867ஆம் ஆண்டு பிறந்த அவர் 1895இல் இந்தியா வந்தார். திருநெல்வேலிச் சீமையில் தமிழ் கற்று, ஊர் ஊராகச் சென்று பணியாற்றினார். 1901ஆம் ஆண்டு ஒரு சிறுமி அவரிடம் அடைக்கலம் தேடி வந்ததிலிருந்து, ஆதரவற்ற, ஆபத்துக்குள்ளான பிள்ளைகளைக் காப்பதே அவருடைய வாழ்நாள் பணியாயிற்று. அப்பணிக்கென எவரிடமும் பணம் கேட்பதில்லை, தேவைகளை ஜெபத்தில் தேவனிடமே தெரிவிப்பது என்பது அவர் கொண்ட நெறி. அன்றன்றைய ஆகாரத்துக்குத் தேவனை நம்புவது அவருக்கு அடுக்களைக் கணக்கிலும் நடைமுறையாக இருந்தது.

1931ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள், களக்காட்டில் மருத்துவ உதவிக்கென ஏற்பாடு செய்யப்பட்ட ஒரு வீட்டைப் பார்வையிட அவர் சென்றார். இருள் சூழும் வேளை. அங்கே தோண்டப்பட்டிருந்த குழியொன்றில் தவறி விழுந்தார். கால் முறிந்தது, கணுக்கால் பிசகியது. அப்போது அவருக்கு வயது 63. சில வாரங்களில் எழுந்து நடப்பார் என்றே அனைவரும் எண்ணினர். ஆனால் வலியும் பிற நோய்களும் தொடர்ந்தன. 1951ஆம் ஆண்டு ஜனவரி 18ஆம் நாள், தமது 83ஆம் வயதில் மறையும் வரை, பத்தொன்பது ஆண்டுகளுக்கும் மேலாக அவருடைய வாழ்வு பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழிந்தது.

அவருடைய சுகத்திற்காகப் பலர் ஜெபித்தனர். அவரும் ஜெபித்தார். கேட்ட வண்ணம் சுகம் வரவில்லை. இதனை மறைக்காமல் சொல்வது அவசியம். ஏனெனில் இவ்விதழை வாசிப்போரில் பலர் இதே இடத்தில் நிற்கிறீர்கள்.

அவ்வறையில் இருந்தபடியே அவர் பல நூல்களை எழுதினார். 1933இல் வெளிவந்த 'ரோஸ் ஃப்ரம் ப்ரையர்' என்னும் நூல், நோயுற்றோருக்கு ஒரு நோயாளி எழுதிய கடிதங்களின் தொகுப்பு. 'முட்செடியில் மலர்ந்த ரோஜா' என்று அதன் தலைப்புக்குப் பொருள் கொள்ளலாம். நலமாயிருப்போர் நோயாளிகளுக்கென எழுதிய ஆறுதல் மொழிகள் தமக்கு அதிகம் உதவவில்லை என்பதை அவர் அதில் வெளிப்படையாகவே சொல்கிறார். இக்கட்டுரையை எழுதும் நாமும் இன்று நலமாயிருப்பவர்களே. ஆகவே அவர் சொல்வதை எச்சரிக்கையாக ஏற்று, நமது சொற்களைக் குறைத்து, வலியை அறிந்த ஒருவரின் வாழ்வை உங்கள் முன் வைக்கிறோம்.

அவருடைய வாழ்வு காட்டும் உண்மை இதுவே. சுகம் கிடைப்பது வேறு, போஷிக்கப்படுவது வேறு. சுகம் தாமதிக்கும் இடத்திலும் ஆகாரம் வந்து சேரும். பத்தொன்பது ஆண்டுகளுக்கான பெலன் அவருக்கு ஒரே நாளில் கொடுக்கப்படவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் உரிய பெலன் அந்தந்த நாளில் கொடுக்கப்பட்டது.

நாளைய மன்னா

இஸ்ரவேல் மக்கள் வனாந்தரத்தில் மன்னாவைப் பெற்ற வரலாற்றிலும் இதே பாடம் உண்டு. காலைதோறும் அன்றைக்கு வேண்டிய அளவே சேர்க்கும்படி அவர்களுக்குக் கட்டளையிடப்பட்டது. மறுநாளுக்கென மீத்து வைத்தது புழு வைத்து நாறிற்று. ஓய்வுநாளுக்கு முந்தைய நாள் மட்டுமே இதற்கு விலக்கு. கர்த்தர் கற்பித்த ஜெபத்திலும் இன்றைய ஆகாரத்துக்காகவே வேண்டுகிறோம். ஓராண்டுக்கான களஞ்சியத்தைக் கேட்பதில்லை.

நோய்க்காலத்தில் நம்மை மிகவும் வாட்டுவது பெரும்பாலும் நாளைய சுமையே. அடுத்த வாரம் வரவேண்டிய பரிசோதனை முடிவு, அடுத்த மாதச் சிகிச்சை, அதற்கான செலவு, பிள்ளைகளின் படிப்பு என அனைத்துக்கும் உரிய துணிவை இன்றே கேட்கிறோம். அது கிடைக்காதபோது, தேவன் நம்மைக் கைவிட்டார் என்று எண்ணுகிறோம். அவர் தருவதாகச் சொன்னது இன்றைய பங்கு. நாளைய பங்கு நாளைக் காலையில் காத்திருக்கும்.

சில நாட்களில் ஜெபமும் வறண்டுபோகும். குற்றாலத்துக்கு அருகில் வாழும் நாம் இதனைப் புரிந்துகொள்ளலாம். ஆனி, ஆடியில் சாரல் வீச, பேரருவி பாறையை மறைத்துக் கொட்டுகிறது. கோடையில் அதே பாறை வெயிலில் காய்ந்து நிற்கிறது. அருவி வறண்டதைக் கண்டு, மலை போய்விட்டது என்று எவரும் சொல்வதில்லை. உணர்ச்சி வறண்ட நாளில் தேவனும் நீங்கிவிட்டார் என்று முடிவு செய்ய வேண்டியதில்லை.

இரண்டு தவறுகள்

இங்கே இரண்டு தவறுகளைச் சுட்டிக்காட்டுவது நம் கடமை. முதலாவது, "உனக்கு விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் வரவில்லை" என்று நோயாளியிடம் கூறுவது. இது ஏற்கெனவே காயப்பட்டவரை மீண்டும் காயப்படுத்தும் சொல். அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று முறை வேண்டினார். முள் நீங்கவில்லை. அதைத் தாங்குவதற்குப் போதுமான கிருபை கிடைத்தது. அவரை விசுவாசக் குறைவுடையவர் என்று எவர் சொல்லத் துணிவார்?

இரண்டாவது, விசுவாசத்தின் அடையாளமாக மருந்தை நிறுத்திவிடுவது. மாத்திரையையோ இன்சுலினையோ மருத்துவரைக் கேளாமல் நிறுத்துவது விசுவாசமன்று. யவீருவின் மகளுக்கு உணவளிக்கச் சொன்ன ஆண்டவர், உங்கள் உடலுக்கு வேண்டியதை விலக்கச் சொல்லமாட்டார்.

படுக்கையருகே இருப்போருக்கு

நோயாளியின் அருகில் இருக்கும் குடும்பத்தாருக்குச் சில வார்த்தைகள். பலவீனமான வயிற்றுக்குக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாகக் கொடுப்பதுபோல, பலவீனமான உள்ளத்துக்கும் சிறிது சிறிதாகவே கொடுங்கள். நீண்ட ஜெபமும் நீண்ட அறிவுரையும் அவருக்குச் செரிக்காது. அவருக்குப் பிடித்த சங்கீதத்திலிருந்து ஒரே வசனத்தை மெல்ல வாசியுங்கள். சிறுவயதில் அவர் பாடிய கீர்த்தனையை மெதுவாகப் பாடுங்கள். அவர் பேச விரும்பாவிட்டால், கையைப் பிடித்துக்கொண்டு மௌனமாக இருங்கள். அவர் அழுதால் அழவிடுங்கள். சங்கீதங்களில் பல, தேவனை நோக்கி எழுந்த முறையீடுகளே.

நீங்களும் உண்ணுங்கள், உறங்குங்கள். நோயாளிக்கு ஊட்டிவிட்டுத் தாம் பட்டினி கிடக்கும் தாய்மாரையும் மனைவிமாரையும் நாம் தாழ்வாரங்களில் அடிக்கடி காண்கிறோம். எலியாவைத் தொட்டு எழுப்பி உண்ணச் சொன்னவர் உங்களையும் காண்கிறார். அரை மணி நேரம் உறவினர் ஒருவரை அமரச் செய்து, நீங்கள் சென்று உணவருந்தி வருவது சுயநலமன்று.

டோனாவூரில் ஏமி அம்மையாரின் கல்லறையின்மேல் நினைவுக்கல் இல்லை. தமக்குக் கல் வைக்க வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் அவ்விடத்தில் பறவைகளுக்கென ஒரு நீர்த்தொட்டியை அமைத்து, 'அம்மா' என்னும் ஒரே சொல்லைப் பொறித்தனர். நீண்ட காலம் படுக்கையில் இருந்தவரின் நினைவிடத்தில் இன்றும் பறவைகளுக்குத் தண்ணீர் இருக்கிறது. தாம் போஷிக்கப்பட்டவர், படுக்கையிலிருந்தபடியே பிறரையும் போஷிக்க முடியும். உங்கள் அடுத்த படுக்கையில் இருப்பவரிடம் இன்று நீங்கள் சொல்லும் ஓர் அன்பான வார்த்தையும் அத்தகையதே.

விரும்புவோர் எம்மோடு இவ்வாறு ஜெபிக்கலாம்:

"ஜீவ அப்பமாகிய ஆண்டவரே, நாளையைக் குறித்து எங்களுக்குப் பயமாயிருக்கிறது. இன்றைக்கு வேண்டிய பெலனை எங்களுக்குத் தாரும். சுகம் தாமதித்தாலும் உம்முடைய பந்தியில் எங்களுக்கு இடம் இருக்கிறது என்று நம்பச் செய்யும். எங்களைக் கவனிக்கும் கைகளையும் பெலப்படுத்தும். ஆமென்."