தோற்பது வேறு, தோற்க விடுவது வேறு: ஓக்லண்ட் பேஸ்போல் அணியின் கதை



சென்ற மாத நிகழ்ச்சி முடிந்த பிறகு பிறிமொன்ட் பக்கத்திலிருந்து ஓர் அம்மா தொலைபேசியில் வந்தார். "தம்பி, என்ர பேரன் பேஸ்போல் பைத்தியம். ரீம் தோத்தால் விளையாடினவங்களைத் திட்டமாட்டான், முதலாளியைத்தான் திட்டுவான். முதலாளியே வந்து பந்தடிக்கிறார்?" என்று கேட்டார். நிலையத்தில் எல்லோரும் சிரித்தோம். ஆனால் கேள்வி நல்ல கேள்வி. எங்கள் வீடுகளில் பிள்ளைகள் பேஸ்போல் பார்க்கிறார்கள், பெற்றோருக்கு அது விளங்குவதில்லை. அதனால் இம்மாத உரையில் இந்தக் குடாப் பகுதியில் எம் கண்முன்னே நடந்த ஓக்லண்ட் அத்லெற்றிக்ஸ் அணியின் கதையை எடுத்துக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் 'ஏஸ்' என்று சொல்லும் அணி அது.

அடிப்பது ஏன் இவ்வளவு கடினம்?

கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு முதலில் இதைச் சொல்ல வேண்டும். கிரிக்கெட்டில் நல்ல பந்து வந்தால் தடுத்துவிட்டு நிற்கலாம், ஓடவேண்டியதில்லை. பேஸ்போலில் அந்த வசதி இல்லை. பந்தை முன்பக்கமுள்ள கால்வட்டத்துக்குள் அடிக்க வேண்டும். அங்கே விழுந்தால் ஓடியே ஆகவேண்டும். மூன்று முறை தவறினால் ஆட்டமிழப்பு. பந்து வருவது ஏறக்குறைய அறுபது அடி தூரத்திலிருந்து, மணிக்கு தொண்ணூறு மைலுக்கு மேற்பட்ட வேகத்தில். அரை விநாடிகூடக் கிடைக்காது.

ஆகவே பத்து முறையில் மூன்று முறை அடித்துத் தளம் சேர்ந்தவனே இங்கு சிறந்த ஆட்டக்காரன். இதைத்தான் துடுப்பாட்ட சராசரி என்கிறார்கள். கிரிக்கெட் சராசரியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இங்கே ஆயிரம் முறைக்கு எத்தனை முறை என்பதுதான் கணக்கு. முந்நூறு என்றால் மிக நன்று, இருநூற்று ஐம்பது என்றால் பரவாயில்லை.

ஓக்லண்ட் அணி முழுவதற்கும் 2022 இல் இந்தச் சராசரி 216. 2023 இல் 223. இரண்டு வருடமும் 30 அணிகளில் கடைசி இடம். ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள். 2022 இல் 102 ஆட்டங்களிலும், 2023 இல் 112 ஆட்டங்களிலும் தோற்றார்கள். 2023 இல் அவர்கள் எடுத்த ஓட்டங்கள் 585, எதிரணிகளுக்குக் கொடுத்தவை 924.

அடிக்கக்கூடியவர்கள் எங்கே போனார்கள்?

இதே அணி 2021 இல் 86 ஆட்டங்களை வென்றது. ஒரே வருடத்தில் அடிக்க மறந்துவிட்டார்களா? இல்லை. அடிக்கக்கூடியவர்களை நிர்வாகம் அனுப்பிவிட்டது.

2022 மார்ச் மாதத்தில், ஒரு வாரத்துக்குள், மற் ஒல்சனை அற்லாண்டாவுக்கும் மற் சப்மனை ரொறன்ரோவுக்கும் கொடுத்தார்கள். டிசம்பரில் ஷோன் மர்பியும் அற்லாண்டா அணிக்குப் போனார். பதிலாகக் கிடைத்தவர்கள் பெரும்பாலும் அனுபவம் குறைந்த, சம்பளமும் குறைந்த இளைஞர்கள். ஒல்சன் ஓக்லண்ட் தெரிந்தெடுத்து வளர்த்த பிள்ளை. 2023 இல் ஓக்லண்ட் அடிக்க முடியாமல் தவித்த அதே பருவத்தில், அவர் அற்லாண்டாவுக்காக 54 ஹோம் ரன் அடித்தார். அந்த வருடம் வேறு எவரும் அவ்வளவு அடிக்கவில்லை.

அம்மாவின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. முதலாளி பந்தடிப்பதில்லை. பந்தடிப்பவனை வைத்திருப்பதா விடுவதா என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார்.

சிக்கனம் குற்றமா?

"காசில்லாத அணி என்ன செய்யும்?" என்று கேட்கலாம். இதற்குப் பதில் ஓக்லண்டின் சரித்திரத்திலேயே இருக்கிறது. 2002 இல் இந்த அணியின் மொத்தச் சம்பளம் ஏறக்குறைய 40 மில்லியன் டொலர். நியூ யோர்க் யாங்கீஸ் அணிக்கு ஏறக்குறைய 125 மில்லியன். அந்தப் பருவத்தில் இரண்டு அணிகளும் சமமாக 103 ஆட்டங்களை வென்றன. ஓக்லண்ட் தொடர்ந்து 20 ஆட்டங்களையும் வென்றது.

அப்போதைய பொது முகாமையாளர் பில்லி பீனும் அவருடைய ஆட்களும் கண்டுபிடித்தது எளிமையான ஒன்று. ஒன்பது சுற்றில் ஓர் அணிக்கு இருப்பது 27 ஆட்டமிழப்புக்கள் மட்டுமே. அவற்றை வீணாக்காதவன் பெறுமதியானவன். பந்தை அடித்தாலும் சரி, மோசமான பந்துகளை விட்டு 'நடை' பெற்றாலும் சரி, முதலாம் தளத்தை அடைந்தால் போதும். மற்ற அணிகள் இந்தத் திறமைக்கு அவ்வளவு விலை கொடுக்கவில்லை. ஓக்லண்ட் மலிவாக வாங்கியது. மைக்கல் லூயிஸ் இதை 2003 இல் 'மணிபோல்' என்ற புத்தகமாக எழுதினார். 2011 இல் படமாகவும் வந்தது.

எங்களில் பலர் இந்த நாட்டில் முதல் வருடங்களை இப்படித்தான் கழித்தோம். கூப்பன் வெட்டி, இரண்டு வேலை செய்து, மலிவில் நல்லதைத் தேடினோம். அந்தச் சிக்கனத்துக்கு ஒரு நோக்கம் இருந்தது, பிள்ளைகள் முன்னேற வேண்டும் என்று. 2002 இன் ஓக்லண்டும் வெல்வதற்காகச் சிக்கனம் பிடித்தது. இருபது வருடத்தின் பின் சிக்கனமே நோக்கமாகிவிட்டது என்பதுதான் இரசிகர்களின் குற்றச்சாட்டு.

தோற்றாலும் நட்டமில்லை

இது எப்படிச் சாத்தியம்? இங்கிலாந்தின் காற்பந்தில் கடைசியில் வரும் அணிகள் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும். அந்தப் பயம் நிர்வாகத்தை உறங்கவிடாது. அமெரிக்க பேஸ்போலில் அப்படி இல்லை. 30 அணிகளும் நிரந்தர உறுப்பினர்கள். 112 ஆட்டம் தோற்றாலும் அடுத்த வருடம் இடம் இருக்கும்.

தேசியத் தொலைக்காட்சி வருமானம் எல்லா அணிகளுக்கும் பங்கிடப்படும். பெரிய நகர அணிகள் உழைப்பதில் ஒரு பகுதியும் சிறிய அணிகளுக்கு வரும். ஓக்லண்டுக்கு இந்தப் பங்கு சில காலம் நிறுத்தப்பட்டு, 2022 ஒப்பந்தத்தின் பின் படிப்படியாகத் திரும்பியது. போதாததற்கு, மோசமாகத் தோற்கும் அணிக்கு அடுத்த வருடம் இளம் வீரர்களைத் தெரிவு செய்வதில் முன்னிடம் கிடைக்கும் வாய்ப்பும் உண்டு.

அணியின் விலையோ ஏறிக்கொண்டே போகும். 'காப்' உடுப்புக்கடையை ஆரம்பித்த குடும்பத்தைச் சேர்ந்த ஜோன் பிஷரும், லூ வூல்ப் என்பவரும் 2005 இல் இந்த அணியை 180 மில்லியன் டொலருக்கு வாங்கினார்கள். 2023 இல் போர்ப்ஸ் சஞ்சிகை அதை ஒரு பில்லியனுக்கு மேல் மதிப்பிட்டது. அணி தரவரிசையில் கீழே போக, பெறுமதி மேலே போனது!

ரெக்சாஸ், நியூ ஜேர்சி நேயர்களுக்கு

ரெக்சாஸில் உள்ள நேயர்கள், "எங்கள் ரேஞ்சர்ஸ் அணியும் தோற்றதுதானே" என்பீர்கள். உண்மை. 2021 இல் ரேஞ்சர்ஸ் 60 வெற்றி, 102 தோல்வி. 2022 இல் ஓக்லண்டுக்கும் அச்சொட்டாக அதே கணக்கு. ஆனால் அடுத்து நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவம் முடிந்தவுடன் ரேஞ்சர்ஸ் கோரி சீகருக்கு 325 மில்லியனும் மார்க்கஸ் செமியனுக்கு 175 மில்லியனும் ஒப்பந்தம் கொடுத்தது. செமியன் 2020 வரை ஓக்லண்டில் விளையாடியவர். 2023 இல் ரேஞ்சர்ஸ் உலகத் தொடரை வென்றது. அதே 2023 இல் ஓக்லண்ட் 112 தோல்வி. ஒரே புள்ளியில் நின்ற இரண்டு அணிகள், இரண்டு நிர்வாகங்கள்.

நியூ ஜேர்சிக்குச் சொந்தமாகப் பெரிய பேஸ்போல் அணி இல்லை. அங்கேயுள்ள எம்மவர் வீடுகளில் யாங்கீஸ் அல்லது மெற்ஸ். மெற்ஸ் இரசிகர்களுக்கும் 2023 வயிற்றெரிச்சலான வருடம். அணியின் சம்பளம் 330 மில்லியனுக்கும் மேல், அதுவரை எந்த அணியும் செலவழிக்காத தொகை. பலன் 75 வெற்றி, 87 தோல்வி. காசு மட்டும் வெற்றி தராது என்பதற்கு இது சாட்சி. ஆனால் அந்தக் கோபம் வேறு வகை. படித்துவிட்டுப் போய் சோதனையில் தவறிய பிள்ளையை ஏசுவோம், பிறகு தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்போம். புத்தகத்தையே தொடாத பிள்ளையோடு எப்படிக் கதைப்போம் என்று உங்களுக்குத் தெரியும்.

எதிர்மாறான பகிஷ்கரிப்பு

கோபம் வந்த இரசிகர்கள் வழமையாக மைதானத்துக்குப் போகாமல் விடுவார்கள். ஓக்லண்டில் அது நிர்வாகத்துக்கே உதவியது. "ஆட்களே வருவதில்லை, அதனால் வேறு ஊருக்குப் போகிறோம்" என்று சொல்ல வசதியாகிவிட்டது. 2023 ஏப்ரலில் லாஸ் வேகாஸுக்குப் போகும் திட்டம் வெளியானது.

அப்போது இரசிகர்கள் மாற்றி யோசித்தார்கள். 2023 யூன் 13, ஒரு செவ்வாய்க்கிழமை இரவு, எல்லோரும் வாருங்கள் என்று அழைத்தார்கள். 'எதிர்மாறான பகிஷ்கரிப்பு' என்று அதற்குப் பெயர். ஓக்லண்ட் 68 என்ற இரசிகர் அமைப்பு 'விற்றுவிடு' என்று எழுதிய பச்சைச் சட்டைகளை இலவசமாகக் கொடுத்தது. வந்தவர்கள் 27,759 பேர். நானும் அன்று பார்ட் ரயிலில் போனேன். ஐந்தாவது சுற்றின் தொடக்கத்தில் அவ்வளவு சனமும் ஒரு சொல் பேசாமல் இருந்து, பிறகு ஒரே குரலில் "அணியை விற்றுவிடு" என்று முழங்கியது. அந்த வேளையில் அணியிலேயே உச்சத்தில் இருந்த தம்பா பே அணியை ஓக்லண்ட் 2-1 என்று வென்றது. தொடர்ச்சியாக ஏழாவது வெற்றி. அதே நாளில் நெவாடா மாநில செனற் சபை புதிய மைதானத்துக்கு 380 மில்லியன் டொலர் வரையான பொதுப்பணத்தை அனுமதித்து வாக்களித்தது.

நிர்வாகத்தின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். 1966 இல் திறந்த கொலிசியம் மைதானம் பழுதடைந்திருந்தது. 2013 இல் கழிவு நீர் உடுப்பு மாற்றும் அறைகளுக்குள் வந்தது உண்மை. துறைமுகப் பக்கத்தில் புதிய மைதானம் கட்ட நகரசபையோடு வருடக்கணக்கில் பேச்சு நடந்தும் முடிவு வரவில்லை. இவை பொய்யல்ல. ஆனால் மைதானம் பழையது என்பதற்காக ஒல்சனை விற்க வேண்டிய தேவை என்ன என்ற கேள்விக்கு இரசிகர்களுக்குத் திருப்தியான பதில் கிடைக்கவில்லை.

2023 நவம்பரில் மற்ற அணிகளின் முதலாளிகள் அனைவரும் இடமாற்றத்துக்குச் சம்மதித்தார்கள். 2024 செப்டெம்பர் 26 கடைசி ஆட்டம். 46,889 பேர் வந்தார்கள். எதிரணி அதே ரேஞ்சர்ஸ். ஓக்லண்ட் 3-2 என்று வென்றது. வோரியேர்ஸ் 2019 இலும், ரெய்டேர்ஸ் 2020 இலும் நகரை விட்டுப் போயிருந்தன. பெரிய அணி ஒன்றும் இல்லாத ஊராகியது ஓக்லண்ட். பியர், ஹொட்டோக் விற்ற, வாசலில் ரிக்கற் பார்த்த தொழிலாளர்களின் வேலையும் அன்றோடு போனது.

கழகமும் கம்பனியும்

அணி 2025 இல் மேற்கு சக்ரமென்ரோவில் ஒரு சிறிய மைதானத்துக்குப் போனது. 2028 இல் லாஸ் வேகாஸில் திறப்பது திட்டம். போன பிறகு நடந்ததுதான் வேடிக்கை. கடைசிக்கு அருகில் வந்ததால் கிடைத்த தெரிவுகளில் எடுத்த இளைஞர்கள் அடிக்கத் தொடங்கினார்கள். நிக் கேர்ட்ஸ் 2025 யூலையில் ஒரே ஆட்டத்தில் நான்கு ஹோம் ரன் அடித்தார். அமெரிக்கன் லீக்கின் சிறந்த புதுமுகமும் அவரே. ஜேக்கப் வில்சனின் சராசரி 311. வீரர்களுக்குப் பெரிய ஒப்பந்தங்களும் வந்தன. தோல்வியை அனுபவித்தது ஓக்லண்ட், அறுவடை வேறு ஊருக்கு.

சக்ரமென்ரோவில் இருக்கும்போது அணி தன் பெயருக்கு முன் எந்த ஊர்ப் பெயரையும் போடவில்லை. எம்மவர் இருவர் சந்தித்தால் முதற் கேள்வியே "நீங்கள் எந்த ஊர்?" என்பதுதான். அந்தக் கேள்விக்குப் பதிலில்லாத அணி அது.

யாழ்ப்பாணத்தில் சென்ரல் கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் மோதும் வடக்கின் பெரும்போரை நினைத்துப் பாருங்கள். அந்த அணிகளை எவராவது விற்க முடியுமா? எங்கள் ஊர் விளையாட்டுக் கழகங்களும் அப்படித்தான். இடம்பெயர்வு என்ற சொல்லின் பாரம் எமக்குத் தெரியும், அதை ஒரு விளையாட்டு அணிக்கு இலேசாகப் பாவிக்க மாட்டேன். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லலாம். சனம் ஊரை விட்டு வரவேண்டி வந்தபோது கழகத்தின் பெயரை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் கூடவே கொண்டு வந்தோம். ஓக்லண்டில் சனம் ஊரிலேயே இருந்தது, கழகம் போய்விட்டது. ஏனென்றால் அது கழகமல்ல, கம்பனி.

ஓக்லண்ட்காரர் அதற்கும் பதில் செய்தார்கள். 2024 இல் ஓக்லண்ட் போலேர்ஸ் என்ற சிறிய அணி மேற்கு ஓக்லண்டின் றைமொண்டி பூங்காவில் ஆடத் தொடங்கியது. இரசிகர்களுக்கும் பங்கு விற்றது. 2025 இல் தன் லீக்கின் கிண்ணத்தையும் வென்றது. பெரிய பேஸ்போல் அல்ல, ஆனால் மார்பில் ஊரின் பெயர் இருக்கிறது.

ஆகவே பெற்றோரே, பிள்ளை தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்து முதலாளியைத் திட்டினால், சத்தம் போட வேண்டாம் என்று உடனே அடக்காதீர்கள். பக்கத்தில் இருந்து இரண்டு கேள்வி கேளுங்கள். இந்த அணி தன் நல்ல ஆட்டக்காரரை வைத்திருக்கிறதா, விற்கிறதா? மிச்சம் பிடித்த காசு எங்கே போகிறது? இந்தக் கேள்விகளைக் கேட்கப் பழகிய பிள்ளை, நாளை தன் பாடசாலைச் சபையிடமும், நகரசபையிடமும், எங்கள் சங்கங்களிடமும் அதையே கேட்கும். அது நல்ல பழக்கம்தானே.