வாடும் அரேகாவுக்குத் தண்ணீர் வேண்டாம்

மும்பையில் புது வீட்டிற்குக் குடிபுகுந்தபோது நண்பர்கள் எங்களுக்கு ஓர் அரேகா பாம் செடியைப் பரிசளித்தார்கள். மூன்றே மாதங்களில் அதன் ஓலை நுனிகள் பழுப்பேறின; அடிமட்டைகள் மஞ்சளாயின. தாகத்தால் வாடுகிறது என்றெண்ணி நாள்தோறும் ஒரு குவளை நீரைக் கூடுதலாக ஊற்றினோம். செடி மேலும் தளர்ந்தது. ஒருநாள் தொட்டியை நகர்த்தியபோது தண்டு ஒன்று அடியோடு கையில் வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கருத்து, குழைந்து, நாற்றமடிக்கும் நார்கள் மட்டுமே இருந்தன.

நீர் குறைந்தாலும் ஓலை காயும். நீர் மிகுந்தாலும் காயும். அழுகிய வேரால் நீரை உறிஞ்ச இயலாது. ஆகவே தொட்டி நனைந்திருக்கும்போதே ஓலை உலர்கிறது. எனவே ஓலையைப் பார்த்து முடிவு செய்யாமல், இரண்டு அங்குல ஆழத்திற்கு மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டாம்.

எங்கள் வீட்டுக் குற்றவாளி, அழகுக்காக வாங்கிய பீங்கான் வெளித்தொட்டி. அதற்கு அடியில் துளை இல்லை. நர்சரியின் பிளாஸ்டிக் தொட்டி அதற்குள் தேங்கிய நீரிலேயே நின்றிருந்தது. உங்கள் வீட்டிலும் அத்தகைய தொட்டி இருந்தால் இன்றே உள்தொட்டியைத் தூக்கிப் பாருங்கள்.

வேர் அழுகத் தொடங்கியிருந்தால் செடியை வெளியே எடுத்து, கருத்த வேர்களைத் தூய கத்தரிக்கோலால் நீக்க வேண்டும். வெளிர் நிறத்தில் உறுதியாக இருப்பவை நல்ல வேர்கள். தோட்டமண், தென்னை நார்க்கழிவு, பருமணல் ஆகியவற்றைக் கலந்து அதே அளவுள்ள தொட்டியில் நடலாம். பெரிய தொட்டியில் ஈரம் நெடுநாள் தங்கும். புதுக் குருத்து விடும்வரை உரம் வேண்டாம். நல்ல வெளிச்சம் வேண்டும். ஆனால் உச்சிவெயில் நேரே பட்டால் ஓலை கருகும். குளிர்சாதனக் காற்று நேரே படும் இடமும் ஆகாது. வறண்ட காற்றில் செஞ்சிலந்தி பெருகும். ஓலையின் அடியில் மெல்லிய வலை தெரிந்தால் ஈரத்துணியால் துடைத்து, வேப்பெண்ணெய்க் கரைசல் தெளிக்கலாம்.

கத்தரிப்பதில் நிதானம் தேவை. ஒவ்வொரு தண்டும் உச்சியிலுள்ள ஒரே குருத்திலிருந்துதான் வளர்கிறது. அதை வெட்டினால் அத்தண்டு மடியும். பாதி மஞ்சளான பழைய ஓலையையும் அவசரப்பட்டு நீக்காதீர்கள். பொட்டாசியம் பற்றாதபோது செடி அதைப் பழைய ஓலையிலிருந்து எடுத்துத்தான் புது ஓலைக்கு அளிக்கிறது.

பெயர் அரேகா என்றாலும் இது நம் பாக்கு மரம் அன்று; மடகாஸ்கரைத் தாயகமாகக் கொண்ட வேறு இனம். தில்லித் தொழிலதிபர் கமல் மீட்டில் 2009இல் ஆற்றிய உரையில் காற்றைத் தூய்மையாக்கும் மூன்று செடிகளுள் ஒன்றாக இதைக் குறிப்பிட்டார். அதன்பின் இதற்குப் புகழ் கூடியது. ஆயினும் வீட்டுக் காற்றில் ஓரிரு தொட்டிச் செடிகளால் குறிப்பிடத்தக்க மாற்றம் விளையாது என்பதே 2019இல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பின் முடிவு. கண்ணுக்குப் பசுமை தருகிறதே, எங்களுக்கு அது போதும்.

எங்கள் செடியின் ஆறு தண்டுகளில் நான்கு பிழைத்தன. நான்கு மாதங்களுக்குப் பின், மழைக்காலத்தில், ஒரு தண்டின் உச்சியில் ஈட்டி போன்ற பச்சைக் குருத்து நீண்டது. பீங்கான் தொட்டியில் இப்போது குடைகளை வைக்கிறோம்.